மோதிர விரல் கூடு

தவில்காரர் சிவநாதனுக்குச் சர்க்கரை நோய். தவில் வாசிக்க விரலில் மாட்டும் கூடு உராய்ந்து வந்த புண் ஆறாமல், வலது மோதிர விரலை எடுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் கைப்பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் இசபெல்லா, மிச்ச விரல்களுக்கு மட்டும் கூடு மாட்டி வாசிக்கச் சொன்னாள்.

அம்பகரத்தூர் கல்யாணத்தில் வாசித்துவிட்டு நேராக அவளிடம் வந்தார். பேசிக்கொண்டே, பசையில் இறுகிய துணிக்கூடுகளைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வலிச்சுதாண்ணே?"

"இல்லம்மா. பழையபடி கை பேசுச்சு."

மேசையில் ஒரு கூடு அதிகமாக இருந்தது.

"இதை எதுக்குண்ணே செஞ்சீங்க?"

"நான் செய்யலையே!" அதைத் திருப்பிப் பார்த்தவருக்கு முகம் வெளிறியது. "இது மோதிர விரல் அளவும்மா."

இசபெல்லா அதை வாங்கினாள். வாசித்து வாசித்து நுனி தேய்ந்திருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். வியர்வை இன்னும் சூடாக இருந்தது.