கோழியின் ஓய்வுப் புழு

குளக்கரையில் ஒரு கோழி, மற்றவர் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு பிழைத்து வந்தது. வாத்து தன் குஞ்சுகளை அதனிடம் விட்டுவிட்டு நீந்தப் போகும். கூலியாகத் தினமும் புழு கொண்டுவரும். இறகு உதிர்க்கும் காலத்தில் கோழிக்கு ஓய்வு, அப்போதும் புழு வந்துவிடும் என்று பேச்சு. "புள்ளைங்களுக்கு நீங்க இன்னொரு அம்மாக்கா" என்று வாய்க்கு வாய் சொல்லும் வாத்து.

மிதிபட்டுக் கொத்துப்பட்டுக் கோழி அவற்றை வளர்த்தது. முதல் இறகு உதிர்ந்ததுதான் தாமதம், வாத்து வந்து நின்றது.

"அக்கா, நாங்க வேற குளத்துக்குப் போறோம்."

"என் ஓய்வுக்குப் பேசின புழு?"

"புள்ளைங்களே இல்லையே! இனி உங்களுக்குத் தினமும் ஓய்வுதானே!"

வாலை ஆட்டிக்கொண்டு வாத்து போயே போய்விட்டது. மொட்டை உடம்போடு கோழி பட்டினி கிடந்தது.

மறுபடி இறகு முளைத்ததும், கௌதாரி தன் குஞ்சுகளோடு வந்தது. "நீங்க எங்க குடும்பத்துல ஒருத்திக்கா."

"சந்தோஷம். ஓய்வுக்கான புழுவை இப்பவே என் குப்பைமேட்டுல விட்டு வை. அப்புறம் குஞ்சுகளை விடு."

கௌதாரி பதறிப்போனது. "முன்கூட்டியேவா? வாங்கிட்டு நீங்க பாதியில விட்டுட்டுப் போயிட்டா?"

கோழி புது இறகைச் சிலிர்த்துக்கொண்டது. "நான் எங்கம்மா போகப்போறேன்? போறது எப்பவும் நீங்கதானே."