விடாமல் ஒலித்த ஹார்ன்

"ஹார்ன் கருகிப்போச்சு, ஒயரும் உருகிடுச்சு. யாரோ ஹார்னை விடாம அமுக்கியிருக்காங்க. இதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது!" பைக் சர்வீஸ் மேலாளர் கறாராகச் சொன்னார்.

"அமுக்கினது என் மனைவிதான் சார்," என்றார் தலையில் கட்டுப் போட்டிருந்த வாடிக்கையாளர்.

"ஏம்மா, அது என்ன விளையாட்டுச் சாமானா?"

பக்கத்தில் நின்றவள் பதிலே சொல்லவில்லை. என்ன திமிர் என்று மேலாளருக்குச் சுருக்கென்றது.

"வண்டியோட பள்ளத்துல விழுந்துட்டோம் சார். எனக்கு நினைவு தப்பிடுச்சு. வண்டிக்கடியில கால் மாட்டிக்கிட்ட இவதான், ஆளுங்க வர்ற வரைக்கும் ஹார்ன்ல இருந்து கையை எடுக்கலை."

"வாய்விட்டுக் கத்தியிருக்கலாமே?"

"இவளுக்குப் பிறவியிலேயே பேச்சு வராது சார்."

மேலாளர் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"வாரண்டியிலேயே புதுசு போட்டுத் தர்றேன்மா. கம்பெனிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

"பழசை எங்ககிட்டயே கொடுத்துடுங்க சார்."

கருகிய ஹார்னை மேலாளர் இரண்டு கைகளாலும் ஏந்தி அவளிடம் கொடுத்தார்.