மெரூன் கம்பளத்துக்குப் பின்னால்

"இந்தக் கம்பளத்தைப் பிரிக்கணும்" என்றார் அந்த ஆள்.

சூடான சீஸ் ரோல் தட்டோடு கராஜ் வாசலில் நின்றிருந்தேன். அவருக்காகத்தான் சுட்டது. தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அது நான் தைத்த கம்பளம். மெரூன் நிறம். மூன்று வாரம் ஊசி குத்தி என் விரல் நுனியெல்லாம் சல்லடை. அந்த இரண்டு சீட் காரின் உட்புறம் முழுக்க, ஒரு சுருக்கம் விழாமல் நானே ஒட்டினேன்.

"எதுக்குப் பிரிக்கணும்?"

"சீட் பெல்ட்டை எதுல மாட்டியிருக்குன்னு பாக்கணும், மிசஸ் காரிகன். ஒட்டறதுக்கு முன்னாடியே என்னைக் கூப்பிட்டிருக்கணும்."

பெயர் ஹோஹெபா. வீட்டில் கட்டிய கார்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர். இன்வர்கார்கில் நகரத்திலிருந்து வந்திருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் காருக்கு நம்பர் கிடையாது.

என் கணவன் க்ளைவ் ஏழு வருடமாக அந்தக் காரைக் கட்டுகிறான். ஏழு வருடமாக என் கார் மழையில் நிற்கிறது. ஞாயிறு பூசைக்கு வரும் பெண்கள் எல்லாம் "கார் எப்ப வெளியே வரும், ஜெரி?" என்று சிரிக்காமல் கேட்கப் பழகிவிட்டார்கள்.

பிப்ரவரியில் நான் தீர்த்துச் சொல்லிவிட்டேன். ஈஸ்டருக்குள் கார் கையெழுத்தோடு வெளியே போகணும். இல்லாவிட்டால் ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிப்போவார். சொன்னதோடு நிற்கவில்லை, இரும்புக்காரருக்கு ஃபோன் போட்டு நேரமும் குறித்தாயிற்று. க்ளைவ் தலையை மட்டும் ஆட்டினான். அதற்கப்புறம் சாப்பாட்டுக்குக்கூட கராஜை விட்டு வரவில்லை.

கம்பளம் நான் போடுகிறேன் என்றபோதும் மறுபேச்சுப் பேசவில்லை. அதுவே அதிசயம்.

இன்றைக்குப் பெரிய வியாழன், ஈஸ்டருக்கு மூன்றே நாள். இப்போது வந்து பிரிக்கணுமாம்.

பதினோரு வருடம் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். ஒரு கெட்ட வார்த்தை கலக்காமல் ஒரு மனிதனை உரித்துத் தொங்கவிடத் தெரியும். உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் சோபாவை நான் கிழித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஆட்டு லாரிகள் ரோடு முழுக்கக் கழித்துக்கொண்டு போகின்றன, கதவே இல்லாத டிராக்டரில் கிழவர்கள் போகிறார்கள், அதெல்லாம் கண்ணில் படாமல் என் கம்பளம்தான் பட்டதா என்றும் கேட்டேன்.

மழை விடட்டும் என்று நிற்கிறவர் மாதிரி நின்றார். நான் மூச்சு வாங்கிய நேரத்தில் மெல்லிய கத்தி ஒன்றை எடுத்து சீட்டுக்குப் பின்னால் குனிந்தார்.

அதைப் பார்க்க எனக்கு மனசில்லை. தட்டோடு சமையலறைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது இரண்டு சீட்டுக்குப் பின்னாலும் கம்பளம் நாக்குப் போலத் தொங்கியது. க்ளைவ் சுவரோரம் நின்று தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையெழுத்துப் போட முடியாது" என்றார் ஹோஹெபா. "ஒரு பக்கம் பிரமாதம். காரோட இரும்புச் சட்டத்தை அறுத்து, தகடு வச்சு வெல்டு பண்ணி, அதுல போல்ட்டை முறுக்கியிருக்கு. இன்னொரு பக்கம் வெறும் ஃபைபர் பாடியில ஓட்டை போட்டு, பின்னாடி ஒரு வாஷர். அவ்வளவுதான். வேகமா போய் எதுலயாவது மோதினா பெல்ட் அப்படியே பிய்ச்சுக்கிட்டு வந்துரும். ஆளும் கூடவே கண்ணாடி வழியா போவார்."

"ஒரு பக்கமா?"

"ஆமா, அது..."

அவரை நான் முடிக்க விடவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவையே இல்லை. ஸ்டியரிங் பிடிக்கிற ஆண்பிள்ளை எந்தப் பக்கத்துக்குத் தகடு வைப்பான்?

க்ளைவ் பக்கம் திரும்பினேன்.

"இருபத்தாறு வருஷமா உன் பக்கத்துல உக்காந்துட்டு வர்றேன். உனக்கு இரும்பு, எனக்கு வாஷரா? அதை மூடறதுக்குக் கம்பளத்தையும் என் கையாலயே தைக்க வச்சியா?"

க்ளைவ் நிமிரவில்லை. நான் நிறுத்தவும் இல்லை. எங்கள் தேனிலவில் அவன் கூடாரத்தின் ஒரு ஆப்பை அடிக்க மறந்ததுவரை போய்விட்டுத்தான் நின்றேன். அன்றும் நனைந்தது நான்தான்.

"முடிஞ்சுதா, மிசஸ் காரிகன்?"

ஹோஹெபா பையிலிருந்து, தேறவில்லை என்று அச்சடித்த சிவப்பு அட்டை ஒன்றை எடுத்தார். என்னைக் கடந்து, காரின் முன்பக்கமாகச் சுற்றிப் போய், அதை ஸ்டியரிங்கில் கட்டினார்.

"நீங்க உக்கார்ற பக்கத்துல குறை சொல்ல ஒண்ணுமில்ல. காளை மாட்டைக் கட்டி இழுத்தாலும் அசையாது. வாஷர் இவர் பக்கம்தான்."



க்ளைவ் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துணியில் மறுபடி துடைத்தான்.

"ஒரு பக்கத்துக்கே ஒரு மாசம் ஆயிடுச்சு, ஜெரி" என்றான். "நீ ஈஸ்டர்னு சொல்லிட்டியே."