எர்மினியாவின் பட்டியல்

ஒரு ஊரிலே ஒரு மாமியாராம், அவளுக்கு ஒரு மருமகளாம், இரண்டு பேரையும் சேர்த்து வைத்த மகன் மட்டும் மூன்று வருஷம் முன்னால் இறந்துபோய்விட்டானாம். ஊர், பொலிவியாவில் மலை மேலே இருக்கிற எங்கள் லா பாஸ். மாமியார் எர்மினியா. மருமகள் நியேவெஸ்.

ஜனவரி இருபத்து நாலு வந்தால் குட்டிச் சாமான் சந்தை. விரல் உயரத்தில் வீடு, தீப்பெட்டி அளவில் அடுப்பு, நகத்தளவு ரொட்டி. உச்சி வேளையில் எதைக் குட்டியாக வாங்கிச் சாமியை வேண்டிப் புகை காட்டுகிறோமோ, அது வருஷத்துக்குள் பெரிதாக வீடு வந்து சேரும்.

எல்லோரும் மாடி வீடும் காரும் வாங்குவார்கள். எர்மினியா மட்டும் பட்டியலோடு வருவாள். கூரைத் தகரம், மாவு மூட்டை, காஸ் சிலிண்டர். மூன்று வருஷமாக அதே மூன்றுதான்.

நியேவெஸ் வேறு எதையாவது கையில் எடுத்தால் எர்மினியா ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

“இது இல்லைன்னா நாளைக்குப் பொழுது விடியாதா?”

விடியும். எடுத்ததை நியேவெஸ் வைத்துவிடுவாள். போன வருஷம் ஒரு ஜோடி சிவப்புச் செருப்பை அப்படித்தான் வைத்தாள். சாமியிடம் கேட்பதில்கூட கஞ்சத்தனம் பண்ணுகிறவள் என்று சந்தையே எர்மினியாவைப் பார்த்துச் சிரிக்கும்.

இந்த வருஷம் நியேவெஸுக்குச் சாமான் எதிலும் கண் நிற்கவில்லை.

சத்துர்னீனோ என்று ஒருவன், மினிபஸ் ஓட்டுகிறவன். மாமியாரும் மருமகளும் தெருமுனையில் விற்கிற சூடான சோளக் கஞ்சியை ஒரு வருஷமாகக் கடைசி ஆளாக வந்து நின்று குடிப்பான். போன வாரம் கல்யாணப் பேச்சை எடுத்தான். சரி என்றால் இங்கேயே ஓட்டுவானாம். இல்லையென்றால் சந்தை நாளான இன்றைக்கு இரண்டு மணிக்கு வண்டியை ஒரூரோ ஊருக்கு விட்டுவிடுவானாம், அங்கே வேலை இருக்கிறதாம். அதுவரை மினிபஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், உன் அத்தையிடம் சொல்லிவிட்டு வா என்றான்.

மகன் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? ஏழு நாளாக வாய் திறக்கவில்லை.

கால்கள் மட்டும் சேவல் கடையில் போய் நின்றன. துணையில்லாத பெண்ணின் கையில் யாராவது ஒரு மண் சேவலை வைத்தால், அந்த வருஷம் அவளுக்குத் துணை வரும். தானே வாங்கிக்கொண்டால் பலிக்காது. அதனால் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதைப் பக்கத்து வீட்டு பெத்ரோனா பார்த்துவிட்டாள். பார்த்த வேகத்தில் எர்மினியாவிடம் ஓடினாள்.

“உன் மருமக சேவல் கடையில நிக்கிறா அக்கா. எல்லாம் அந்த நீல மினிபஸ்காரன் வேலைதான். இடிச்சு மாத்தின கதவு ஒண்ணு மட்டும் மஞ்சளா இருக்குமே, அவன். பட்டியல்ல அவனையும் எழுதிக்கோ.”

எர்மினியா “ஓஹோ” என்று மட்டும் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

புகை போடுகிறவர் முன்னால் வரிசையில் வந்து நின்ற நியேவெஸிடம் பெத்ரோனாவே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று சமாதானமும் சொன்னாள்.

எர்மினியா வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையிலிருந்து தகரத்தை எடுத்தாள். மாவு மூட்டையை எடுத்தாள். அவ்வளவுதான்.

“சிலிண்டர் எங்க அத்தை?”

“வாங்கல. அந்தக் காசுக்கு வேற ஒண்ணு வாங்கிட்டேன். கையை நீட்டு.”

செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. காகிதத்தின் மேல் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு சிவப்பாக ஒரு கொண்டை நீட்டிக்கொண்டிருந்தது. சேவல் கொண்டை.

பெத்ரோனா மெல்ல நகர்ந்துவிட்டாள்.

நியேவெஸ் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். “அத்தை, இது இல்லாமலும் பொழுது விடியுமே.”

“விடியுது. மூணு வருஷமா விடிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. நீதான் முழிச்ச மாதிரி தெரியல.”

“நீங்க தனியா…”

“கஞ்சி விக்க எனக்கு ரெண்டு கை போதும். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வந்துடுங்க. ரெண்டாவது டம்ளர் ஓசியில கேட்டான்னா குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லி வை.”

மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. பொட்டலத்துக்கும் தகரத்துக்கும் மாவுக்கும் சேர்த்தே புகை காட்டினார்கள். எர்மினியா தன் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு, மழை வருவதற்குள் வீடு போக வேண்டும் என்று முணுமுணுத்தபடி மேட்டில் ஏறிப் போனாள்.

நியேவெஸ் அப்புறம்தான் காகிதத்தை முழுசாகப் பிரித்தாள். அந்தச் சேவல் ஒரு குட்டி மினிபஸ்ஸின் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. நீல மினிபஸ். ஒரு கதவு மட்டும் மஞ்சள்.

பெத்ரோனா சொன்ன பிறகு ஓடிப்போய் மஞ்சள் பூசச் சொல்லியிருப்பாள் அத்தை, பெயிண்ட் கையில் ஒட்டப் போகிறது என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. அழுத்திப் பார்த்தாள். நகத்தால் கீறியும் பார்த்தாள்.

காய்ந்து பல நாள் ஆகியிருந்தது.

மணி ஒன்றுகூட ஆகவில்லை. நியேவெஸ் மினிபஸ்ஸை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.