பித்தளை வால்வு

கோர்படி சர்ச் வளாகத்தில் நிற்கும், ஊர் ஊராகப் பிரசங்கத்துக்குப் போகும் குடும்பம் குடியிருக்கும் ஊழிய வேனுக்குள் தரையெல்லாம் தண்ணீர். நனைந்த டிரான்சிஸ்டர் கரகரக்கிறது. படுக்கைப் பலகைக்கு அடியில் குழாய் வெடித்து, மகள் பிலிஸ் நாளைக்குக் கல்யாணத்தில் உடுத்தவேண்டிய வெள்ளைப் புடவை துருத்தண்ணீரில் பழுப்பேறிக் கிடக்கிறது. ஜன்னல் வெயிலில் பாக்கியவதி அதைப் பிழிகிறாள். “பாவி, நான்தான் டேப்பை அந்த இறுக்கு இறுக்கிட்டேன்.” அவள் கணவர் மோசஸ் குனிந்து தரைத் தண்ணீரை வாசல் பக்கம் தள்ளுகிறார். தண்ணீர் சன்னமாக வருகிறதென்று, வேனுக்கு வரும் வெளிக்குழாயின் வேகத்தை அடக்கும் பித்தளை வால்வைக் காலையில் கழற்றியது அவர்தான். அது அவர் கால்சட்டைப் பைக்குள், கைக்குட்டையில் சுற்றியபடி கனக்கிறது. “கண்ணைத் துடைக்கணும், கர்ச்சீப் குடுங்க” என்று பாக்கியவதி கை நீட்டுகிறாள். “கொண்டுவரலையே” என்று மோசஸ் சட்டையைக் கழற்றிக் கொடுக்கிறார்.