தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு

கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, விரல்களால் மெல்ல உருட்டி, உள்ளே வெள்ளிக் கோடு பளிச்சென்று தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

அவள் தெர்மாமீட்டரை உருட்டிக் காட்டினாள்.

ஆறாம் வகுப்பு மொத்தமும் தலையைச் சாய்த்துப் பார்த்தது. கோடு தெரியாதவர்களும் தெரிந்ததுபோல் தலையாட்டினார்கள்.

கடைசி பெஞ்சில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க வந்தவர். முதல் பீரியடுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தது மூன்றாவதற்கு. அதிகாரிகள் கடிகாரம் கட்டிக்கொள்வது கைக்கு அழகாக இருக்கட்டும் என்றுதான் போலிருக்கிறது.

அவளுடையது தற்காலிக வேலை. அவர் நல்லபடியாக எழுதிவிட்டுப் போனால் வரும் ஆண்டும் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

அதனால் நேற்றே ஒத்திகை நடந்திருந்தது. எந்தப் பள்ளியில்தான் நடக்காது? யார் எழுந்து வருவது, யாருக்கு யார் அளவு பார்ப்பது, எல்லாம் பேசி வைத்திருந்தார்கள்.

பிரகதீஷ் தெர்மாமீட்டரை உதறினான். அக்குளில் வைத்தான். எடுத்துப் பார்த்தான்.

"தொண்ணூத்தெட்டுப் புள்ளி நாலு, டீச்சர்!"

ஷர்மிளா பானு வந்தாள். அவளுக்கும் அதே அளவு.

அடுத்து வந்த இருவருக்கும் அதே. வெயிலில் ஓடிவிட்டு வந்தவனுக்கும் அதே. ஒருத்தன் தெர்மாமீட்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே கணீரென்று சொன்னான்.

அது நேற்று ஒத்திகையில் வந்த எண். பிள்ளைகள் கோட்டைப் பார்க்கவே இல்லை. மனப்பாடமாக ஒப்பித்தார்கள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதிகாரி சிரித்தார். "எல்லாருக்கும் ஒரே நம்பரா டீச்சர்? சரி, இந்தப் பாப்பாவுக்குப் பாப்போம்."

பக்கத்தில் டெஸ்க்கின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்த சிறுமியின் தோளைத் தட்டினார்.

டீச்சரின் மகள். படிப்பதும் இதே வகுப்பில்தான்.

காலையில் எழுப்பும்போதே பிள்ளைக்கு உடம்பு சுட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. லீவு கேட்கிற நாளும் இல்லை. மருந்து கொடுத்து, முகம் துடைத்து, கூடவே அழைத்து வந்து உட்காரவைத்தாள். முதல் பீரியட் முடிந்ததும் கிளம்பிவிடலாம், மருந்து அதுவரை தாங்கும் என்று நினைத்தாள்.

"அந்தப் பொண்ணு கொஞ்சம் கூச்சப்படுவா சார். வேற யாரையாவது..."

"கூச்சத்துக்கும் தெர்மாமீட்டருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றவர், மகளுக்குப் பக்கத்தில் இருந்த ஜெசிந்தாவிடம் திரும்பினார். "நீயே வெச்சுப் பாரு."

ஜெசிந்தா நேற்று பள்ளிக்கு வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

ஆகவே ஜெசிந்தா பார்த்தாள்.

உதறினாள். மகளின் அக்குளில் வைத்துவிட்டு, டீச்சர் சொன்னபடியே பொறுமையாகக் காத்திருந்தாள்.

வெளியே சத்துணவுக் கூடத்தில் யாரோ பாத்திரத்தை இழுத்தார்கள்.

ஜெசிந்தா தெர்மாமீட்டரை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். உருட்டினாள். இன்னும் உருட்டினாள். கோடு அகப்பட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினாள்.

இந்த வருஷம் முழுக்க ஒரு பிள்ளைகூட இத்தனை அக்கறையாக எதையும் பார்த்ததில்லை. வேறு நாளாக இருந்தால் அவள் பூரித்துப்போயிருப்பாள்.

"டீச்சர், நூத்தி ரெண்டுல நிக்குது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர்களைப் பொறுத்தவரை அது தப்பான விடை.

மகள் தலையை நிமிர்த்தினாள். கண்கள் சிவந்திருந்தன.

"இல்ல டீச்சர். இவ தப்பாப் பாக்குறா. எனக்கும் தொண்ணூத்தெட்டுப் புள்ளி நாலுதான்."

ஜெசிந்தாவின் முகம் வாடிவிட்டது. தெர்மாமீட்டரை நீட்டினாள்.

அவள் வாங்கிப் பார்த்தாள். நூற்றிரண்டுதான்.

ஒரு தடவை உதறினால் போதும். கோடு இறங்கிவிடும். வேலையும் நிலைக்கும். அதற்கு மகளே வழிவிட்டிருக்கிறாள்.

ஜெசிந்தா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளும்.

அவள் தெர்மாமீட்டரை உதறாமல் மேசைமேல் வைத்தாள்.

"ஜெசிந்தா சரியாத்தான் பாத்திருக்கா," என்றாள்.

கரும்பலகையில் 102 என்று எழுதினாள். அதில் '2' கோணலாக விழுந்தது.

அதிகாரி மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அடப் பாவமே, கொதிக்குதே. இந்த நெலமையில புள்ளைய அனுப்பி வெச்சிருக்காங்களே, என்ன மனுஷங்க! இவ அம்மாவ உடனே வரச் சொல்லணும். எங்க இருப்பாங்க? யாருக்காச்சும் தெரியுமா?"

எல்லாருக்கும் தெரியும்.

எதைக் கேட்டாலும் நான் முந்தி, நீ முந்தி என்று கத்துகிற பிள்ளைகள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவும் இல்லை. பிரகதீஷ் டெஸ்க்கில் இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஷர்மிளா பானு குனிந்து செருப்பைத் தேடினாள்.

இதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

 

"தெரியாதா யாருக்கும்?" என்றார் அதிகாரி.

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

விடை தெரிந்த பிள்ளைபோல் கையை உயர்த்தினாள்.