மணியகாரர் தோள்பட்டை

"ஐயோ, உடுங்க சாமி! உசுரு போகுது!"

அப்புசாமி வைத்தியர் விடவில்லை. மணியகாரர் சின்னண்ணனின் இடது கையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். தோள் மட்டத்துக்கு வரும் முன்பே கை நின்றுவிட்டது.

"நீங்க தூக்குனாலும் ஏறல, நான் தூக்குனாலும் ஏறல. எலும்பு முறியலீங்க. வலிக்குதுன்னு ஆட்டாமயே வெச்சிருந்தீங்க பாருங்க, மூட்டு பூட்டிக்கிச்சு."

"தைலம் குடுங்க, தேச்சுக்கறேன்."

"தைலம் வலியைத்தான் கொறைக்கும். தெனமும் கையைப் பின்னால இழுத்து, கொஞ்சங்கொஞ்சமா ஒசத்தோணும். சும்மா செய்யச் சொன்னா ரெண்டு நாள்ல உட்டுருவீங்க. ராட்டையில நூல் நூக்கோணுமுங்க. நூல் அறுந்துருமேன்னு கை நிதானமாப் போகும்."

சின்னண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெள்ளைக்கார சர்க்காருக்காக ஊரில் வரி வசூலிக்கிறவர்; மல்லசமுத்திரம் பக்கத்தில் கதர் கட்டியவனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷர் அவர். ஊரில் எந்தெந்த வீட்டில் ராட்டை சுற்றுகிறார்கள் என்று துப்பறிந்து, தாசில்தாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்ததே போன மாதம்தான்.

"மணியகாரன் ஊட்டுல ராட்டையா? தாசில்தாருக்குத் தெரிஞ்சா மணியமே போயிருமுங்க!"

"இப்பிடியே உட்டா, தாசில்தார் வாரப்ப தலைப்பாகை கட்டிக்கக்கூட உங்களுக்கு ஆள் வேணும். அப்பறம் உங்க இஷ்டமுங்க."

வைத்தியர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சின்னண்ணன் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பா காலத்திலிருந்து வந்த உத்தியோகம். அதை விட்டுவிடவும் மனசில்லை, வலி தாங்கவும் தெம்பில்லை. அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

கதவோரம் நின்றிருந்த மனைவி பாவாயியைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்புள்ள, உள்ளறையில கதவைச் சாத்திக்கிட்டுச் சுத்துனா ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஆருக்கும் தெரியாதுங்க."

"ராட்டைக்கு எங்க போறது? ஆசாரிகிட்டச் செய்யச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். பாழாப்போனது சத்தம் வேற போடுமே! திண்டாட்டந்தான் போ."

பாவாயி உள்ளே போனாள். கம்பு கொட்டி வைக்கும் குதிருக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

ராட்டை! பாதி நூற்ற நூல் அதிலேயே இருந்தது.

"சத்தமெல்லாம் கேக்காதுங்க" என்றாள். "இத்தன வருசமா உங்களுக்கே கேக்கலையே!"